மருந்து மாவும் பார்லிக் கஞ்சியும்

மாவு வரும் நாளில் மருந்தகத்துக்கு முன்னால் விடிந்ததுமே வரிசை சேர்ந்துவிடும். முகாமில் தண்ணீர் லாரிக்கு அடுத்தபடியாகப் பெண்கள் முட்டி மோதிக்கொள்வது இங்கேதான். இது சாதாரண மாவு இல்லை. கோதுமை ஆகாத வயிறுகளுக்கென்று வெளிநாட்டு டாக்டர்கள் சீட்டு எழுதி, அந்தச் சீட்டுக்கு மட்டும் கொடுக்கப்படும் மாவு. சோளமும் அரிசியும் கலந்தது. ரொட்டி சுட்டால் கையிலேயே உதிர்ந்துவிடும். டாக்டர்கள் அந்த நோயை சீலியாக் என்றார்கள். வீட்டுக்கு வீடு இருக்கிற நோய்க்குத் தனியாக ஒரு பேர் எதற்கு என்று முகாமில் யாரும் மெனக்கெடவில்லை. மாவுக்குத்தான் பேர் வைத்தார்கள், மருந்து மாவு என்று.

சொந்த நாட்டைப் பறிகொடுத்துவிட்டு, திந்தூஃப் என்கிற ஊருக்கு வெளியே இந்தக் கல் பாலைவனத்தில் ஒரு தலைமுறைக்கும் மேலாகக் கிடக்கிற ஜனங்கள். உலகம் இவர்களுக்குப் போடுகிற தர்மத்தில் முக்கால்வாசி கோதுமை. அந்தக் கோதுமையே ஆகாத வயிறு இவர்களில் இத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது. யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

மாவைக் கொடுப்பவன் சாலெக். ஓரான் நகரத்தில் நர்ஸ் படிப்பு படித்துவிட்டுத் திரும்பி வந்தவன். மாவு மூட்டையைத் தூக்கிக் கொடுக்கும்போது ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்வான், கோதுமை கூடாது, பார்லியும் கூடாது என்று. கோதுமைக்குத் தலையாட்டுவார்கள். பார்லிக்குச் சண்டைக்கு வருவார்கள்.

"ஏன் தம்பி, பார்லி உனக்கு என்ன பண்ணுச்சு? நம்ம பாட்டன் பூட்டன் ஒட்டகத்து மேல கட்டிக்கிட்டுப் போனது பார்லிதான். இந்தக் கோதுமைதான் கப்பல்ல வந்த சனியன்."

"பாட்டனுக்கு ஆச்சு. உங்க பொண்ணுக்கு ஆகாது."

"படிச்சவன் வாயைப் பாரு!" என்று முக்காட்டுக்குள் சிரித்துக்கொண்டே போவார்கள். அடுத்த மாதம் மறுபடியும் சொல்வான். அவனுக்குச் சலிக்காது.

சுகைனாவை அவன் முதலில் பார்த்தது இந்த வரிசையில்தான். நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றாள். மருந்து மாவு சாப்பிடத் தொடங்கிய பிறகு மயக்கம் போனது, வெளுத்த நகத்தில் ரத்தச் சிவப்பு தெரிந்தது, முகாமின் சிறுவர் பள்ளியில் பாட்டுச் சொல்லிக் கொடுக்கப் போனாள். சதை மட்டும் பிடிக்கவில்லை. சாலெக்குக்கு அது கண்ணில் படவே இல்லை. மாவு தரும் சாக்கில் பேசிப் பேசி, கடைசியில் பெரியவர்களை அனுப்பிப் பெண் கேட்டான். ராணுவத்தில் எல்லைப் பக்கம் இருக்கிற அவள் அப்பாவுக்கு விடுப்பு கிடைத்ததும் கல்யாணம் என்று முடிவாயிற்று.

அதோடு மாமியாரும் மாப்பிள்ளையும் ஒருவர் கண்ணில் ஒருவர் படக் கூடாது என்ற சட்டம் வந்துவிட்டது. இந்த ஜனங்களுக்கு அந்த வெட்கம் உயிரைவிடப் பெரிது. சுகைனாவின் அம்மா கஜ்மூலா தெருமுனையில் வந்தால் சாலெக் தலைப்பாகைத் துணியை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த சந்தில் திரும்பிவிட வேண்டும். அவள் காதுபட அவன் பேசக் கூடாது, அவள் பார்க்க அவன் சாப்பிடக் கூடாது. கஜ்மூலாவும் மருந்தகப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். சுகைனாவின் பங்கு மாவைப் பக்கத்துக் கூடாரத்து மைமூனா வாங்கிப் போனாள். மைமூனாவின் பையனுக்கும் அதே நோய்.

"உன் ஆள இனிமே வரிசையில தேடாத. பொண்ண உள்ள உக்கார வச்சாச்சு" என்றாள் மைமூனா, முதல் மாதம். கண்ணில் குறும்பு.

"இந்தக் காலத்துல யாரு அக்கா அதெல்லாம் பண்றாங்க?"

"உங்கம்மா வந்து பாத்துட்டுப் போய் என்ன சொன்னாங்க, ஞாபகம் இருக்கா? குச்சிக்குத் துணி சுத்தின மாதிரி இருக்கான்னு சொன்னாங்களாம். கஜ்மூலா சும்மா இருப்பாளா?"

சாலெக்குக்கு ஞாபகம் இருந்தது. அம்மா அதைச் சொன்னபோது அவனும் கூடாரத்தில்தான் இருந்தான். பெரியவர்கள் முன்னால் தனக்கு வரப்போகிறவளைப் பற்றி வாய் திறப்பது மரியாதை இல்லை என்று தேநீரைக் குடித்துக்கொண்டு இருந்துவிட்டான்.

மணப்பெண் என்றால் நாலு எட்டு வைத்ததும் மூச்சு வாங்க வேண்டும், இடுப்பு மடிப்பு துணிக்கு மேலே தெரிய வேண்டும். அதற்காகக் கல்யாணத்துக்கு முன்னால் அவளைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்து ஊட்டுவார்கள். அவள் போதும் என்று சொல்லக் கூடாது. சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. பால், பேரீச்சை, ஆட்டுக் கொழுப்பு என்று போனால் நல்லதுதான் என்று சாலெக் மனதைத் தேற்றிக்கொண்டான். தான் சொல்லி இத்தனை தரம் கேட்ட சுகைனாவுக்கு எது ஆகும், எது ஆகாது என்று தெரியாதா என்ன?

இரண்டாம் மாதம் மைமூனா வந்தபோது வாயெல்லாம் பல்.

"தம்பி, நீ யோகக்காரன்டா! பொண்ணு ஊதிட்டா. முகம் வட்டமா, கன்னம் பளபளன்னு. கால் கொலுசு ஏற மாட்டேங்குது. நேத்து எல்லாரும் போய்ப் பாத்துக் குலவை போட்டோம். கணுக்கால்ல வெரல வச்சு அமுக்கினா பள்ளம் விழுது, எடுத்தாலும் அப்படியே நிக்குது. அவ்ளோ கொழுப்பு!"

சாலெக் கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்தான்.

"என்ன சாப்பிடுறா?"

"எல்லாந்தான். ஆட்டுக் கொழுப்பு ஊத்தி, பார்லிக் கஞ்சி, கிண்ணம் கிண்ணமா."

"அக்கா! பார்லியா? நான் மாசாமாசம் தொண்டை கிழியக் கத்துறேனே!"

"நானும் அதத்தான் கேட்டேன். நீயே சரின்னுட்டேன்னு கஜ்மூலா சொன்னா. சுகைனாவுக்கு நோய் தணிஞ்சுடுச்சாம், பார்லி பரவாயில்லன்னு சாலெக் சொன்னான்னா. நீயே சொல்லியிருந்தா சரியாத்தான் இருக்கும்னு நானும் வாயை மூடிக்கிட்டேன்."

"நான் சொல்லல."

"பின்ன யாரு சொன்னது?"

அதை யோசிக்க அவனுக்கு நேரம் இல்லை. அமுக்கினால் குழி விழும் உடம்பு கொழுத்த உடம்பு இல்லை என்பது அவனுக்குத் தெரியும். குடல் வெந்து, சாப்பிட்ட சத்தெல்லாம் வெளியே போய், ரத்தத்தில் பலமில்லாமல் தோலுக்குக் கீழே நீர் கோத்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் குலவை போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

"அக்கா, அது கொழுப்பு இல்ல, தண்ணி. இப்பவே போய் கஜ்மூலாகிட்ட சொல்லு. கஞ்சிய நிறுத்தணும், பொண்ண இங்க கூட்டிட்டு வரணும். ஓடு!"

மைமூனா ஓடினாள். மத்தியானம் திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"நம்ப மாட்டேங்கிறா. என் பையன் எலும்பா கிடக்கான்னு என் கண்ணு அவ பொண்ணு மேல விழுதாம். இனிமே திரைக்குள்ள வராதன்னுட்டா. என்னைப் பாத்து! அவளுக்குப் பிரசவம் பாத்தவ நான்!"

"சுகைனா என்ன சொன்னா?"

"கண்ணை மூடிட்டுக் கிடந்தா. மணப்பொண்ணு என்ன பேசுவா?"

சாயங்காலம் சாலெக் போனான். காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. கூடாரத்துக்கு வெளியே, தகரமும் கம்பியும் வைத்துக் கட்டிய ஆட்டுப்பட்டியின் பக்கத்தில் கஜ்மூலா நின்றிருந்தாள். அவனைப் பார்த்ததும் சட்டென்று முகத்தை மூடிக்கொண்டு முதுகைக் காட்டினாள். அவள் பார்வையில் தப்பு செய்தவன் அவன். மாப்பிள்ளை இந்தப் பக்கம் வரலாமா? நாலு கூடாரத்திலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. சாலெக் தலைப்பாகையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஏதோ வழி தவறி வந்தவன் மாதிரி நடந்து போய்விட்டான். படித்த படிப்பும் போட்ட வெள்ளைக் கோட்டும் அந்த இடத்தில் செல்லாக்காசு. நாளைக்குத் தன் அக்காவை அனுப்பலாம், வட்டாரத் தலைவியை அனுப்பலாம் என்று இரவெல்லாம் புரண்டுகொண்டு கிடந்தான். கோழை என்று தன்னையே திட்டிக்கொண்டான். திட்டியதால் ஒன்றும் ஆகவில்லை.

விடிந்ததும் யாரையும் அனுப்பவில்லை. மருந்தகத்து வண்டியை எடுக்கச் சொல்லி நேரே அந்தக் கூடாரத்துக்குப் போனான். தலைப்பாகையைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, திறந்த முகத்தோடு திரையை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தான். உள்ளே இருந்த பெண்கள் அலறினார்கள். ஒருத்தி துணியை எடுத்து அவன் மேல் எறிந்தாள்.

"அம்மா, உங்க பொண்ணு சாகக் கிடக்கா" என்றான் கஜ்மூலாவின் முகத்தைப் பார்த்து. "பார்லி அவளுக்கு விஷம். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

கஜ்மூலா கூடாரத் துணிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவனிடம் பேசாமல் மற்றப் பெண்களிடம் கத்தினாள். "என்ன பேசுறான் இவன்? முகத்த மூடச் சொல்லுங்கடி அவன! இவன்தானே பார்லி குடுக்கலாம்னு சொன்னான்? என் மக சொன்னாளே!"

சாலெக் சுகைனாவைப் பார்த்தான். முகம் ஊதி, கண் இடுக்காகிக் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. பாய்க்குக் கீழே மறைத்து வைத்திருந்த அழுக்குத் துணிகளின் நாற்றம் எத்தனையோ நாளாக அவளுக்கு வயிறு நிற்கவில்லை என்பதைச் சொல்லியது. அந்த இடுக்குக் கண்ணால் அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவனுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. யார் சொன்னது என்ற கேள்விக்கு அவன் அங்கே பதில் சொல்லவில்லை. குனிந்து அவளைத் தூக்கினான். அத்தனை ஊதின உடம்பு கையில் கனக்கவே இல்லை.

வண்டியில் மாப்பிள்ளையோடு பின்னால் உட்கார முடியாது என்று கஜ்மூலா முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். மகள் அந்த நிலையில் இருக்கும்போதும் அந்த வெட்கம் விடவில்லை. பின்னால் சாலெக்கும் சுகைனாவும். கையில் நரம்பு கிடைக்காமல் தேடித் தேடிக் குத்தி, சலைன் ஏற்றினான். அவள் இதயம் நிற்காமல் இருக்க உடனே வேண்டிய பொட்டாசிய உப்பு மருந்து அவன் மருந்தகத்தில் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியில்தான் உண்டு. வண்டி கற்களில் குதித்துக் குதித்துப் போயிற்று. அந்தச் சத்தத்தில் முன்னால் இருப்பவர்களுக்கு எதுவும் கேட்காது.

"நான்தான் சொன்னேன்" என்றாள் சுகைனா. "நீ சரின்னு சொன்னதா அம்மாகிட்ட சொன்னேன். அவ வந்து உன்கிட்ட கேக்க முடியாதுல்ல."

"ஏன் சுகைனா? உனக்குத் தெரியுமே!"

"தெரியும். கல்யாணம் வரைக்குந்தானேன்னு நினைச்சேன். அப்புறம் விட்டுடலாம்னு. உங்கம்மா என் கைய இப்படிப் பிடிச்சுப் பாத்தாங்க, ஆடு வாங்க வந்தவங்க மாதிரி. நீயும் வீட்டுல ஒண்ணும் சொல்லலையாமே. உன் தங்கச்சி சொன்னா."

நீ எப்படி இருந்தாலும் எனக்குப் போதும் என்று அவன் அவளிடம் ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. சொல்லாமலே தெரியும் என்று நினைத்திருந்தான்.

"கண்ணாடியில பாத்தேன். நல்லாத்தானே இருந்தேன்?" என்றாள்.

"நல்லா இருந்த. எப்பவும் நல்லாத்தான் இருந்த."

"அம்மாகிட்ட சொல்லிடாத. நான் பொய் சொல்லி அவ கையாலேயே சாப்பிட்டேன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா. சொல்ல மாட்டல்ல?"

"சொல்ல மாட்டேன். பேசாத, படு."

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர்கள் ஓடி வந்து வாங்கிக்கொண்டார்கள். செய்யக்கூடியதையெல்லாம் செய்தார்கள். வெயில் இறங்கும் நேரத்தில் அவள் இதயம் நின்றுவிட்டது. மறுநாள் முகாமுக்கு வெளியே, சரளைக் கல்லில் குழி வெட்டிப் புதைத்தார்கள். சாலெக் இன்னும் கணவனாகவில்லை. அதனால் துக்கம் கேட்கிறவர்கள் அவனிடம் வரவில்லை. ஆண்கள் கூட்டத்தின் கடைசியில் அந்நியன் மாதிரி நின்று தொழுதுவிட்டு வந்தான்.

அடுத்த மாவு நாள் வந்தது. வரிசை வழக்கம்போல நின்றது. மைமூனா முன்னால் நின்றாள். கடைசியில் புதிதாக ஒருத்தி, முதுகில் கட்டிய குழந்தையோடு, கையில் டாக்டர் கொடுத்த புதுச் சீட்டோடு நின்றாள். குழந்தையின் வயிறு உப்பிக் கை கால் சூம்பியிருந்தது.

கஜ்மூலா வந்தாள். வரிசையைக் கடந்து மேசை முன்னால் வந்து, முக்காட்டை முகத்திலிருந்து எடுத்தாள். சாலெக் பழக்கதோஷத்தில் குனிந்துகொண்டான்.

"தலைய நிமிர்த்து" என்றாள். "இனிமே நீ எனக்கு மாப்பிள்ளையும் இல்ல, நான் உனக்கு மாமியாரும் இல்ல. வெட்கம் முடிஞ்சு போச்சு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கம்மா."

"பார்லி ஆகாதுன்னு எல்லார்கிட்டயும் நீ சொல்லுவ. என் மககிட்ட சொன்னியா, சொல்லலையா? நீ சொல்லியிருந்தா அவ பொய் சொல்லியிருக்கா. என் கண்ணைப் பாத்துப் பொய் சொல்லி, என் கையால வாங்கிச் சாப்பிட்டிருக்கா. ராத்திரியெல்லாம் இதத்தான் நினைச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். நிசத்தச் சொல்லு. அல்லா மேல ஆணையா உன்னை ஒண்ணும் பண்ண மாட்டேன்."

சாலெக் அவள் முகத்தை அன்றைக்குத்தான் நிதானமாகப் பார்த்தான். சுகைனாவின் கண், சுகைனாவின் நெற்றி. உண்மையைச் சொன்னால் அவன் தப்பித்துக்கொள்வான். இவள் மிச்ச ஆயுளுக்கும் அந்தக் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"சொல்லல" என்றான்.

"என்னது?"

"பார்லி கூடாதுன்னு அவகிட்ட நான் சொல்லல. பரவாயில்லன்னுதான் சொன்னேன். தப்பு என்னோடது."

மைமூனா வாயைத் திறந்தாள். சாலெக் அவளை ஒரு பார்வை பார்த்தான். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாதாமாதம் அவனிடம் பார்லிப் பேச்சு கேட்டுச் சண்டை போட்ட மற்றவர்களும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அப்போ என் மக பொய் சொல்லல" என்றாள் கஜ்மூலா. அவள் தோள்கள் தளர்ந்தன. பல நாள் தூங்காதவள் படுக்கையைக் கண்ட மாதிரி ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். பிறகுதான் குரல் மாறியது.

"பாவி! உன் வாய்ச் சொல்ல வேதம் மாதிரி நம்பினாளேடா! உன்ன நம்பித்தானே நான் ஊட்டினேன்! உன் கை விளங்காமப் போகட்டும். இந்த மாவ இனிமே நீ யாருக்கும் குடுக்கக் கூடாது. கேக்குறீங்களாடி எல்லாரும்? இவன் பேச்ச நம்பாதீங்க. இவன்தான் என் பொண்ணக் கொன்னான்!"

சாலெக் அசையாமல் நின்று கேட்டான். கஜ்மூலா முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போனாள். அழுதுகொண்டு போனாலும் வந்ததைவிட நிமிர்ந்துதான் போனாள்.

வரிசை மெல்ல அசைந்தது. அப்போதுதான் சாலெக் கவனித்தான், புதியவள் நின்ற இடம் காலியாக இருந்தது. வாசலுக்கு ஓடி எட்டிப் பார்த்தான். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, மாவும் வாங்காமல், சீட்டைக் கையில் கசக்கிப் பிடித்தபடி விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தாள். அவளுக்குக் கொஞ்சம் முன்னால், அதே வழியில், கஜ்மூலா. கூப்பிட வாயெடுத்தவன் நின்றுவிட்டான். பார்லி கூடாது என்று அவன் கத்தினால் கஜ்மூலாவும் கேட்பாள்.

"மைமூனாக்கா" என்றான். "அந்தப் பொண்ணப் பிடி. அவ பங்கையும் நீயே கொண்டு போய்க் குடு. எது கூடாதுன்னு உனக்குத்தான் தெரியுமே, எல்லாத்தையும் சொல்லு. இல்லேன்னா குழந்தை இந்த மாசம் தாண்டாது."

மைமூனா மூட்டைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"சொல்றேன்" என்றாள். "ஆனா நீ சொன்னதா சொல்ல மாட்டேன் தம்பி. சொன்னா செய்ய மாட்டா."